எங்கள் கேசட்டின் மறுபக்கம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் குடியிருந்தோம். அண்ணன் பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கிடார் வாசிப்பார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அவருடைய நண்பர் டிரம்ஸ். நான் பாடுவேன். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு பாடிப் பாடி அலுத்துப்போய், நாங்களே மெட்டுப் போட்ட பாட்டுகளை ஒரு கேசட்டாகக் கொண்டுவர வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது.

மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு. மூன்று பேரும் ஒன்றாக வாசித்துப் பாட வேண்டும். ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. சத்தம் பதிவாகிவிடும் என்று விசிறியை நிறுத்திவிடுவார்கள். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அந்தப் பதிவும் வீண். அண்ணன் ஷிப்டு முடிந்த கையோடு பஸ் ஏறி வருவார். கிடாரை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுவார். எழுப்பினால் உடனே வாசிக்கத் தொடங்குவார்.

வெளியீட்டு விழா தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வந்ததே கொஞ்சம் பேர், அதிலும் பாதி சொந்தக்காரர்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள், "படப் பாட்டு ஏதாச்சும் பாடு தாயி" என்று ஒரு குரல் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பாடினேன். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

பிறகு அண்ணனும் நானும் கேசட் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தோம். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எந்தப் படம்?" உத்தமபாளையத்தில் ஒரு கடைக்காரர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்துப் போனால் பாதிக்குமேல் விற்றிருந்தது. அண்ணன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி.

கடைக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பாட்டுக்காக வாங்கலம்மா. வெளிநாட்டுல இருக்கவுகளுக்குக் கடுதாசிக்குப் பதிலா பேசி அனுப்ப வாங்குறாக. டேப்பு நல்லா இருக்குன்னு, உங்க பாட்டு மேலேயே பதிஞ்சுக்கிறாக."

அண்ணன் மீதியிருந்ததை எடுத்துப் பைக்குள் போட்டார். இவ்வளவு அலைந்ததும் வெறும் டேப்புக்காகத்தானா என்று கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் கிளம்பும்போது ராயப்பன்பட்டிப் பெண் ஒருவர் கைக்குழந்தையோடு வந்து, எங்கள் கேசட்டைத்தான் கேட்டார். "பாடுனது இந்தப் பிள்ளைதான்" என்றார் கடைக்காரர். அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவுக துபாயில இருக்காக. இந்தக் கேசட்டுலதான் பேசி அனுப்பினேன். ஒரு பக்கம் முடியறதுக்குள்ள எனக்குப் பேச்சு தீந்துபோச்சு. மறுபக்கத்துப் பாட்ட அப்படியே விட்டுட்டேன். அவுக பதில் கேசட்டுல கேக்குறாக, யாரு பாடுறது, நம்மூருப் பேச்சா இருக்கேன்னு. வேலை விட்டு வந்து ரூம்ல எல்லாரும் அதைப் போட்டுத்தான் படுக்குறாகளாம். ஓட்டி ஓட்டி டேப்பு அறுந்துபோச்சாம். இன்னொண்ணு அனுப்பணும், இந்தத் தடவை அதுல பேச மாட்டேன்."

அண்ணன் பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் கொடுத்தார். "இதுல நீங்க பேசுங்கம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் சின்னமனூர் வருவதற்குள் தூங்கிப்போனார். அதற்கப்புறம் நாங்கள் வேறு கேசட் போடவும் இல்லை. நண்பருக்கு ஏலக்காய் வியாபாரம், அண்ணனுக்கு ஆலை, எனக்குக் கல்யாணம் என்று குழு தானாகவே கலைந்துவிட்டது.

அந்தக் கேசட் ஓடியதா என்று இன்றும் யாராவது கேட்டால் அந்தப் பெண் சொன்னதைத்தான் சொல்வேன். வேலை செய்து களைத்துப்போன சில பேர், எங்கோ ஒரு ரூமில், களைத்துப்போன நாங்கள் பாடியதைக் கேட்டுவிட்டுத் தூங்கினார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.