தவிட்டுக்கு விற்கப்பட்ட அப்பா

நனைந்த கம்பளி அடுப்புச் சூட்டில் காயும்போது எழும் அந்த ஆட்டு வாடையை எங்கே முகர்ந்தாலும், டயகம தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்து அறைக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வந்து அப்பாவின் பிறப்புச் சான்றிதழைப் படித்துச் சொன்ன மழைக்கால மாலைதான் எனக்கு நினைவுக்கு வரும். சுதந்திரம் கிடைத்த கையோடு அரசாங்கம் தோட்டத்துத் தமிழர்களை இந்த நாட்டவர் அல்ல என்று ஒதுக்கிவிட்டு, நீயும் உன் தகப்பனும் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் வருஷக்கணக்காக இங்கே இருந்ததற்கு அத்தாட்சிகளை அடுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை கொழுந்து நிறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த லயங்களில் எல்லோரும் "பாட்டன் பூட்டன்" பெயர்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

தோட்டத்துப் பதிவில் அப்பா, மாரிமுத்து மகன் கருப்பையா. வாத்தியார் படித்த சான்றிதழிலோ, றொசல்லயில் பிறந்த கருப்பையாவுக்குத் தகப்பன் சின்னையா, தாய் ராமாயி. என் தாத்தா மாரிமுத்துவும் அவர் மனைவியும் அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் கேட்டுத் தெளியவும் ஆளில்லை. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க, இத்தன வருஷமா யாரு மகனோட நான் குடும்பம் நடத்துறேன்?" என்று கேட்டாள். வாத்தியாரே சிரித்துவிட்டார். அப்பாவும் சிரிக்கத்தான் முயன்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு தலவாக்கலையில் ரயிலேறி றொசல்லயில் இறங்கினார். சின்னையாவும் ராமாயியும் உயிரோடு இல்லை. அவர்கள் மகன் வேலாயுதம் இருந்தார். அப்பாவைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் பெரியப்பா என்று கூப்பிட்டேன். காகிதத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒனக்கு முந்தி மூணு பிள்ளைங்க பொறந்து தங்கல தம்பி. நீயும் போயிருவியோன்னு பயந்து, ஒங்கப்பா ஒரு மொறம் தவுட்ட வாங்கிக்கிட்டு ஒன்னைய எங்கம்மா மடியில போட்டுட்டாரு. ஆபீசுல பேரு பதியுறப்பவும் எங்கப்பா பேரத்தான் குடுத்தாரு. எமன் வந்து தேடுனா மாரிமுத்துக்குப் பிள்ளையே இல்லன்னு திரும்பிப் போயிரணுமாம்!"

பிழைக்காத பிள்ளைகளுக்குப் பின் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று, கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் மக்களிடம் இருந்த வழக்கம்தான். கிழவர்கள் அப்பாவைத் "தவுடன்" என்று கேலியாகக் கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன். ஆனால், பிள்ளையைத் திரும்ப வாங்கியவர்கள் ஆபீசில் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க மறந்துபோனார்கள்.

பெரியப்பா அத்தோடு விடவில்லை. "எங்கப்பா இங்கனயே பொறந்தவரு, சர்டிபிகேட்டு இருக்கு. எனக்கு அத வச்சுத்தான் பிரஜாவுரிமை கெடச்சிச்சு. நீயும் அப்பிடியே சொல்லிரு. நீ எனக்குத் தம்பிதானே, இதுல என்ன பொய்யி?" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். சொந்தச் சகோதரன்கூட அவ்வளவு மனசோடு கொடுத்திருக்க மாட்டான். தாத்தா மாரிமுத்துவோ திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். அவர் பெயரைச் சொன்னால் எங்களிடம் இருந்த அரைகுறை அத்தாட்சிகள் போதாது.

வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "பேருல என்னங்க இருக்கு? பிள்ளைங்க முகத்தப் பாருங்க." பிரஜாவுரிமை விண்ணப்பத்தை விசாரிக்கக் கூப்பிட்ட நாள்வரை அப்பா என்ன சொல்லப்போகிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நுவரெலியாவில் விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோரில் சிங்களத் துரை ஒருவர் கேட்க, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். தகப்பன் பெயர் என்ன என்ற கேள்வி வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாரிமுத்துங்க."

காகிதத்தில் சின்னையா என்று இருக்கிறதே என்றார்கள். அப்பா தவிட்டுக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, "நான் பொழைக்கணும்னு எங்கப்பா தன் பேர மறைச்சாருங்க. நான்தான் பொழச்சுட்டேனே, இன்னும் எதுக்குங்க மறைக்கணும்?" என்றார். மொழிபெயர்த்தவர் கொஞ்சம் தடுமாறித்தான் அதைச் சிங்களத்தில் சொன்னார். துரை ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கோ நெஞ்சு கொள்ளாத பெருமை.

சில மாதங்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருத்தி, "பொழைக்கத் தெரியாத மனுசன்" என்று இழுத்தபோது, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எம் புருசன் பெத்த அப்பன் பேரச் சொல்லிட்டு வந்திருக்காரு. யாருகிட்டயும் தலகுனிய வேண்டியதில்ல!" என்று அம்மா போட்ட சத்தம் மேல் லயம்வரை கேட்டது. அன்றைக்கு இராத்திரி அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது.

இப்போது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள், பிழைக்கிறார்கள். தவிட்டுக்கு விற்கும் வழக்கம் அடியோடு போய்விட்டது, நல்லதுதான். றொசல்லயில் அப்பா பிறந்த லயம் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. பின்னால் வந்த சட்டங்களால் என் பிள்ளைகளின் பையில் இந்த நாட்டு அடையாள அட்டை இருக்கிறது. அப்பா எந்த நாட்டுக்காரராகவும் ஆகாமலே அறுபதுகளின் நடுவில் போய்ச் சேர்ந்தார். மரணத்தைப் பதிய நான்தான் போனேன். இறந்தவரின் தகப்பன் பெயர் என்ன என்று பதிவாளர் கேட்டார். மாரிமுத்து என்றேன், கேட்டதைவிடச் சத்தமாக. அரசாங்கக் காகிதத்தில் அப்பா தன் தகப்பனுக்கு மகனானது அன்றைக்குத்தான்.