காற்றுக் குழாயும் கிரீஸும்

வேலப்பன்சாவடி பக்கம், நெடுஞ்சாலை ஓரமாக இருந்த அந்த லாரி ஷெட்டில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கிரீஸ்தான். போல்ட் சுழலவில்லையா, கிரீஸ். கதவு முனகுகிறதா, கிரீஸ். மேஸ்திரியின் காலில் எறும்பு கடித்தால்கூட டப்பாவில் விரலை விட்டு ஒரு இழுப்பு தடவிக்கொள்வார். அந்தச் சாலையில் அவர்தான் பெரிய மேஸ்திரி. அவர் பெரியவரானது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சத்தமாகப் பேசுவார் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியின் கதவை மூடிவிட்டார்கள். அங்கே பல வருஷம் காற்று லைன் வெல்டிங் செய்திருந்தேன். கம்ப்ரஸரில் இருந்து மெஷின்களுக்கு அழுத்தக் காற்று போகிற குழாய்கள். படிப்பு பத்தாவதோடு சரி. பேச்சும் அவ்வளவுதான். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிவிட்டால் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

கம்பெனிக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்த ஷெட்டில்தான். மதுரவாயலில் இருந்து பூந்தமல்லி வரை வரிசையாக லாரி ஷெட்டுகள். ஒரு ஷெட்டில் 'அவன் வெல்டிங் உட்டுடும்' என்று சொல்லிவிட்டால், சாயங்கால டீக்குள் கடைசி ஷெட் வரைக்கும் போய்விடும். அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தச் சாலையில் எனக்குப் பிழைப்பு உண்டா இல்லையா என்பது இந்த ஒரு வேலையில் இருந்தது.

லாரி அயப்பாக்கத்துக்காரர் ஒருவருடையது. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு லாரி வாங்கிய விவசாயக் குடும்பம். குவாரியில் இருந்து ஜல்லி ஏற்றுவார். முழு லோடோடு பள்ளத்தில் இருந்து மேலே ஏறும்போது பழைய இன்ஜின் மூச்சு வாங்கி நின்றுவிடும். மற்ற டிரைவர்கள், "இன்னா அண்ணாத்தே, குளுக்கோஸ் ஏத்தட்டுமா?" என்று கேட்பார்களாம். ரோஷம் வந்து, விபத்தில் அடிபட்ட ஒரு புது லாரியின் டர்போ இன்ஜினை வாங்கி வந்துவிட்டார். இன்ஜின் பிழைத்திருந்தது. வண்டியின் முகம் நொறுங்கியதில் இன்டர்கூலரும் அதன் குழாய்களும் போய்விட்டன. மேஸ்திரி பழைய இன்ஜினை இறக்கி இதை ஏற்ற வேண்டும். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் ஒரு இன்டர்கூலர் பிடித்து, அதற்குக் குழாய் செய்து வெல்ட் அடிக்க வேண்டியது நான்.

இன்டர்கூலர் கோணிப்பையில் வந்து இறங்கியது. பார்ப்பதற்கு ரேடியேட்டர் மாதிரிதான் இருக்கும். மேஸ்திரி அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"மூடிய காணோமே நைனா. தண்ணி எங்க ஊத்தறது?"

"இதுல தண்ணி கிடையாது மேஸ்திரி. காத்துதான்" என்றேன்.

அவர் ஒரு நொடிதான் விழித்தார். "தெரியும்பா! உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். அதை வழியில் ஆற்றி அனுப்பத்தான் இன்டர்கூலர். கம்ப்ரஸர் பக்கத்தில் பத்து நாள் நின்றவனுக்கே தெரிகிற விஷயம். மேஸ்திரி முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றிருந்தார்.

அதை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தி, இரும்புப் பட்டி அடித்துக் கட்டினேன். கம்பியை வளைத்து வளைத்து வழி பார்த்தேன். டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கு ஒரு குழாய், இன்டர்கூலரில் இருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய். ஃபேன் இறக்கையில் படாமல், ஸ்டியரிங் ராடில் உரசாமல் போக வேண்டும். பழைய சைலன்சர் குழாய்களின் வளைவுகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து வெல்ட் அடித்தேன். அந்தக் குழாய்களைப் பற்றி மட்டும் எனக்கு அடக்கம் கிடையாது. நல்ல வேலை.

குழாயும் இன்டர்கூலரும் சேருகிற இடத்தில் ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளிப் போட வேண்டும். வழவழப்பான குழாயில் அழுத்தக் காற்று ஹோஸைத் தள்ளிக் கழற்றிவிடும். அதனால் கம்பெனியில் குழாய் முனையைச் சுற்றி வெல்டிங்கால் சின்ன வளையம் ஒன்று மேடாக எழுப்புவோம். ஹோஸ் அதைத் தாண்டி உட்கார்ந்தால் பிறகு நகராது. அங்கே எண்ணெய்க் கையோடு ஹோஸைத் தொட்டவனை ஃபோர்மேன் வெளியே அனுப்பிவிடுவார்.

"மேஸ்திரி, முனையில ஒரு வளையம் போட்டா..."

"வளையமா? வளையலும் சேத்துப் போடு. பொட்டு வெச்சு ஊட்டுக்கு இட்டுனு போவலாம்." ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "கிரீஸ் தடவு நைனா. சும்மா வழுக்கினு உள்ள பூரும்."

நான் தடவவில்லை. அவரே இரண்டு விரல் கிரீஸை அள்ளி ஹோஸுக்குள் தீட்டி, குழாயில் மாட்டினார். சொன்னபடியே வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே வழுக்குவது வெளியேயும் வழுக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. வாய்தான் இல்லை. கிளிப்பை முறுக்கிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ஷெட்டில் ஸ்டார்ட் செய்து உறும விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. சும்மா நிற்கிற வண்டியில் டர்போ முழு அழுத்தம் காட்டாது, பாரம் இழுக்கும்போதுதான் காட்டும். மேஸ்திரி எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஊருக்கே கேட்கும்படி, "பாத்தியா? கிரீஸ்!" என்றார்.

மறுநாள் காலை குவாரி. லாரி ஓனரே ஓட்டினார். நடுவில் நான், ஜன்னல் ஓரம் மேஸ்திரி. முழு லோடு. பாதி மேடு வரைக்கும் வண்டி புலி மாதிரி ஏறியது. அப்புறம் டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. வண்டி செத்த மாதிரி நின்றது. மேலே காத்திருந்த டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

மேஸ்திரி கீழேகூட இறங்கவில்லை. "வெல்டிங் உட்டுச்சு" என்றார்.

இறங்கிப் பார்த்தால் ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் முனை கிரீஸில் பளபளத்தது. அதைக் காட்டினேன். அவர் அசரவில்லை. "வெல்டிங்ல காத்து லீக்காச்சு. லீக்கானா அழுத்தம் ஏறும். ஏறித்தான் ஹோஸைத் தள்ளிச்சு."

ஓட்டையானால் அழுத்தம் ஏறுமாம். பஞ்சரான சைக்கிளை ஒருநாளாவது தள்ளிக்கொண்டு போன யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஓனர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பாதி ஜல்லியைக் கொட்டிவிட்டு, ஹோஸைத் திரும்ப மாட்டி, உருட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தோம். வழி முழுக்க ஓனர் என்னைத் திரும்பித் திரும்பி முறைத்தார். இறங்கும்போது மேஸ்திரியிடம், "வேற வெல்டரப் பாரு" என்றார்.

இரண்டு குழாய்களையும் கழற்றினேன். பெட்ரோலில் துடைத்தேன். பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தூக்கிப் போனேன். பழைய கார் டியூபை வெட்டி, குழாயின் இரண்டு முனைகளையும் மூடிக் கம்பியால் இறுகக் கட்டினேன். ஒரு துண்டில் வால்வு இருந்தது. பஞ்சர் கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமல் காற்று பிடித்தார். முனைகளில் டியூப் பலூன் மாதிரி உப்பியது. தொட்டித் தண்ணீரில் குழாயை முழுக அமுக்கிப் பிடித்தேன்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஓனரும் வந்தார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் கடைக்காரர் உரக்கச் சொன்னார்: "ஒரு குமிழ்கூட வர்ல அண்ணாத்தே. வெல்டிங் கல்லு மாதிரி கீது."

இரண்டாவது குழாயிலும் வரவில்லை.

"அது பச்சத்தண்ணிப்பா. வண்டில சூடாயிருக்கும்ல" என்றார் மேஸ்திரி. அவரைத் தோற்கடிக்க யாராலும் முடியாது. தோற்றது தெரிந்தால்தானே.

ஓனர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இன்னாதான் பண்ணணும் தம்பி?"

"கிரீஸ் கூடாது. வளையம் போடணும்" என்று தொட்டியிடம் சொன்னேன்.

மதியத்துக்குள் முனைகள் எல்லாவற்றிலும் வளையம் எழுப்பி, அரத்தால் ராவி, ஹோஸுக்குள் பெட்ரோல் துணி விட்டுத் துடைத்து, உலரவைத்து மாட்டினேன். தோள் வலிக்கத் தள்ள வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு அதே குவாரி, அதே முழு லோடு. காலையில் நின்ற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். டர்போ விசில்தான் கேட்டது. திறந்தபோது வண்டி மேலே சமதளத்தில் இருந்தது. விசிலடித்த டிரைவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஓனர் வண்டியை ஓரங்கட்டினார். "சூப்பர்பா! யாரு ஐடியா இந்த வளையம்?"

"நாந்தான்!" என்றார் மேஸ்திரி, ஜன்னல் ஓரத்தில் இருந்து. "ரெண்டு நாளா தலபாடா அடிச்சுக்கறேன், வளையம் போடு வளையம் போடுன்னு. இவன் எங்க கேக்கறான்?"

ஓனர் என்னைப் பார்த்தார். காலையில் பார்த்த மாதிரி இல்லை, பதிலுக்காகக் காத்திருந்து பார்த்தார். "அப்டியா தம்பி?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் தயாரித்து வைத்திருக்கும் பதில்களைச் சேர்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பும். அன்றைக்கு நான் சொன்னது, "ஆமாண்ணே."

பிழைப்பு போகவில்லை. சில நாளில் மற்ற ஷெட்டுகளில் இருந்து ஆள் வந்தது. "'மேஸ்திரி வளையம்' போடறவன் நீதானே?" என்று கேட்டுத்தான் கூப்பிட்டார்கள். தலையாட்டிவிட்டுப் போனேன். மேஸ்திரி மட்டும் தன் ஷெட்டில் நான் எழுப்பிய வளையங்களின் மேலும் ஒரு விரல் கிரீஸ் தடவி வைப்பார். அவர் டீக்குப் போகட்டும் என்று காத்திருந்து, துணியால் துடைத்துவிட்டு ஹோஸை மாட்டுவேன்.