கை நீட்டி வாங்கிய வெற்றிலை

ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று என் மனைவி எழுதியது, மற்றொன்று என் தாயார் யாரிடமோ சொல்லி எழுதியது. ரங்கூன் மொகல் தெருவில் லேவாதேவிக் கடை ஒன்றில், முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த ஆளாக நான் இருந்த காலம். மூன்று வருஷக் கெடுவுக்கு வேலைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். அதில் ஒன்றே முக்கால் வருஷம் ஓடியிருந்தது. நான் கப்பல் ஏறும்போது மனைவி முழுகாமல் இருந்தாள். பிறந்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

மனைவி எழுதியிருந்தாள்: "குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினாலும் திரும்புவதில்லை. இங்கே சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பட்டணத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நீங்கள் வந்தால்தான் நடக்கும்."

தாயார் எழுதச் சொன்னது: "குழந்தை சௌக்கியம். உன்னை வரவழைக்க அவள் ஏதாவது எழுதுவாள். மனசைக் குழப்பிக்கொள்ளாதே."

குழப்பிக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? ஒரு கடிதத்தைப் படித்தால் அது உண்மை. மற்றதைப் படித்தால் அது உண்மை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மியப் பெண்ணுக்கு ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை. மறுநாள் காலையில் அதன் பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். சட்டென்று திரும்பிச் சிரித்தது. "மா, எல்லாப் பிள்ளையும் இப்படித் திரும்புமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர்களோடு பழகிய தமிழில் அவள் சொன்னாள்: "திரும்பும். சிலது திரும்பாது. விளையாட்டுல இருந்தா திரும்பாது."

நல்ல பதில். இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

இரண்டு நாள் யோசித்து, கப்பல் செவ்வாய்க்கிழமை என்று விசாரித்து வைத்துக்கொண்டு, மேலாளிடம் போனேன். கெடுவின் நடுவில் விட்டுப் போனவனை அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் சேர்க்காது. போகட்டும், ஊரில் உழுது பிழைத்துக்கொள்வோம் என்று துணிந்துவிட்டேன். உழவு எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"அண்ணே, நான் ஊருக்குப் போறேன். சீட்டைத் திருப்பிக் குடுத்து என்னை விட்டுருங்க" என்றேன். குழந்தை விஷயத்தையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

பிறகு பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "கெடு முடியட்டும் தம்பி. இந்தா."

எங்கள் தெருவில் பேச்சு முடிந்ததற்கு அடையாளம் வெற்றிலைதான். வாங்கினவன் ஒப்புக்கொண்டவன். அது எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்கு நீட்டியிருக்கிறேன். ஆனால் பெரியவர் ஒருவர் இரண்டு கையால் கொடுக்கும்போது வாங்காமல் நிற்க என் கைக்குத் தெரியவில்லை. மனசு மாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கை நீண்டு வாங்கிவிட்டது. குனிந்து கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்.

கணக்கு எழுதும் என் பாய்க்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. என்ன செய்வதென்று புரியாமல் தின்றுவிட்டேன். அவர் தெரிந்துதான் நீட்டினாரா, ஆறுதலுக்கு நீட்டினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேலை அதிகம், கெடு முடிந்து வருகிறேன் என்று மனைவிக்கு எழுதினேன். அதற்குப் பிறகு அவள் கடிதங்களில் குழந்தையின் காதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பதினைந்து மாதம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தத்துக்கு வீடே எழுந்து வந்தது. குழந்தை மட்டும் முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோழிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன்.

"விளையாட்டுப் புத்தி" என்றார் தாயார்.

கதவோரம் நின்ற மனைவி குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.