மாடம்பாக்கம் ஏரியில் மூன்று சனிக்கிழமைகள்

பேராசிரியர் மரகதவல்லி இறந்த செய்தி எனக்குக் கைபேசியில் வந்தது. கேம்ப் ரோடு நிறுத்தத்தில், ஏற முடியாத மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நான்காவதற்காக நின்றிருந்தேன். துறை உதவியாளர் அனுப்பியிருந்தார். மேடம் விடியற்காலையில் போய்விட்டார், சேலையூர் வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள், மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். நான்காவது பேருந்தும் வந்தது. ஏறாமல் அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். நடக்கவே அலுப்பாக இருந்தது. எனக்கு இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் அலுப்புத்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அவரும் நானும் சேர்ந்து வேலை பார்த்தோம். ஓர் இடத்தில் ஓர் உயிரினம் எத்தனை இருக்கிறது, ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நெல்வயல் எலிகளில் தொடங்கி, மாடம்பாக்கம் ஏரியின் முக்குளிப்பான் பறவைகளில் வந்து நின்றார். “பொறக்குது, சாகுது, வருது, போகுது. எந்தக் கூட்டத்துக்கும் இந்த நாலுதான் சார். மத்ததெல்லாம் நாம சொல்ற கதை” என்பார்.

முக்குளிப்பானை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே முங்கிவிடும். எங்கோ தள்ளி எழும். அது பழையதா புதியதா என்று நமக்குத் தலை சுற்றும். அதனால் சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு, கரையில் மூன்று இடங்களில் நின்று, இருவரும் தனித்தனியாக எண்ணுவோம். முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் ஓர் எண்ணைப் போட்டுச் சமாதானமாகப் போவதும் கிடையாது. மறுபடி முதலிலிருந்து. எனக்குக் கால் கடுக்கும், டீ குடிக்கத் தோன்றும். அவருக்கு அதெல்லாம் கிடையாது.

ஏரியில் வலை போடும் ஏழுமலைக்கு நாங்கள் வாராந்திர வேடிக்கை. “இன்னா மேடம், வாரா வாரம் வந்து எண்ணிக்கினு கீறீங்க. ஒண்ணு கொறஞ்சா போலீஸ்ல சொல்லுவீங்களா?” என்று கேட்பார்.

“கொறஞ்சா முதல்ல உங்களைத்தான் கேப்பேன் ஏழுமலை” என்பார் மேடம்.

அவருடைய நோட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். “போய்ப் பார்த்து எதுவும் இல்லைன்னா பூஜ்யம். போகவே இல்லைன்னா கோடு. ரெண்டும் ஒண்ணு இல்ல சார்.” பென்சிலால்தான் எழுத வேண்டும், மழையில் மை கரைந்துவிடும். அவரிடம் படித்தவர்கள் இன்று பல ஊர்களில் தவளையும் நண்டும் எண்ணுகிறார்கள். அவர்களில் ஒருவர் நோட்டை அண்மையில் பார்த்தேன். போகாத நாளுக்கு நேராக அதே கோடு இருந்தது. மேடம் விட்டுச்சென்றவற்றில் பெரியது அந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோட்டைப் போடாதவன் நான்.

ஓர் ஐப்பசியில் மேடத்துக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மூன்று சனிக்கிழமைகள் நான் தனியாகப் போக வேண்டும். முதல் சனிக்கிழமை கொட்டும் மழை. சேலையூரிலேயே முழங்கால் அளவு தண்ணீர். இந்த மழையில் என்ன தெரியப்போகிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் மழை. அதற்கடுத்த வாரம் மழைகூட இல்லை, எனக்கு எழ மனமில்லை. மூன்றுக்கும் பூஜ்யம் எழுதினேன். கோடு போட்டால் போகவில்லை என்று தெரிந்துவிடும் அல்லவா?

மேடம் படுக்கையிலிருந்து எழுந்ததும் நோட்டைப் பார்த்தார். “மூணு வாரமும் பூஜ்யமா சார்?”

“ஆமா மேடம்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் செய்த ஒரே தவறு அதுதான், என்னை நம்பியது. அந்த ஆண்டு மேற்குக் கரையில் அடுக்குமாடி வேலை தொடங்கியிருந்தது. அந்த மூன்று பூஜ்யங்களை வைத்து, கட்டுமானம் வந்ததும் பறவைகள் சில வாரங்கள் ஏரியை விட்டு நீங்கின என்று அவர் எழுதிய கட்டுரை வெளியாகி, வெளியூர்களிலும் பேசப்பட்டது. நானும் கைகுலுக்கினேன்.

ஒருநாள் ஏழுமலைதான் பேச்சுவாக்கில் சொன்னார். “அந்த மழையில நீங்க வராமப் பூட்டீங்க மேடம். ஏரி பூரா கோழிங்கதான். என் வலையிலயே ரெண்டு மாட்டிக்கிச்சு, வலைய அறுத்து வுட்டேன். சாரும் வரல, உங்க கையில சொல்றதுக்கு ஆளே இல்ல.” முக்குளிப்பான் அவருக்குக் கோழிதான்.

மேடம் நோட்டை மூடிப் பையில் வைத்தார். கோயில் தெருவரை மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: “போகலியா சார்?”

“போகல மேடம்.”

“கோடு போட்டிருக்கலாமே. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அதை அவர் சோர்ந்த குரலில் கேட்டார்.

மறுநாளே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். “தரவில் பிழை, பொறுப்பு என்னுடையது” என்று இரண்டே வரி. என் பெயரையும் எழுதுங்கள் என்றேன். “நோட்டு என்னுது சார். நான் சரி பார்த்திருக்கணும்” என்றார். எனக்கு அப்போது அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதன்பின் கருத்தரங்குகளுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. துறைத் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்பே என் வீட்டு வாசலில் மொபெட் ஹாரன் கேட்டது. “வர்றீங்களா சார், இல்ல கோடு போட்டுக்கவா?” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொன்னதும் இல்லை.

போன வாரம் இரங்கல் கூட்டம். ஒரு மூத்த பேராசிரியர், “ஒரு கட்டுரையில் அவசரப்பட்டுச் சறுக்கினாலும் நேர்மையாக ஒப்புக்கொண்டவர்” என்று பாராட்டினார். எல்லோரும் தலையசைத்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த நானும் அசைத்தேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மறுபடியும் போர்வையை இழுத்துக்கொண்டுவிட்டேன்.

அவருடைய தம்பி நேற்று நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். அந்த ஐப்பசிப் பக்கத்தைத் தேடினேன். மூன்று பூஜ்யங்களையும் அடித்துவிட்டு, மூன்று கோடுகள் போட்டிருந்தார். பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த பெயரை ரப்பரால் அழித்திருந்தார். நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த நோட்டுகளும், ஒன்றின் நடுவே செருகியிருந்த ஒரு துண்டுப் பென்சிலும். அந்தப் பென்சிலால், அழித்த இடத்தில் என் பெயரை மூன்று முறை அழுத்தி எழுதினேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதையும் அறிய வேண்டும். மரகதவல்லி மேடம் சறுக்கவில்லை. அந்த மூன்று சனிக்கிழமைகளும் ஏரிக்குப் போகாதவன் நான், நாகராஜன். நாளை சனிக்கிழமை, போக வேண்டும்.