மூன்றாவது குறுக்கீடு

மார்ச் 14, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. இடம்: பல்கலைக்கழகப் பேரரங்கு, இருக்கைகள் அறுநூற்று இருபது, காலி இடம் இல்லை. விவாதப் பொருள்: வாக்குரிமை எல்லோருக்கும் உரியதா? அழைக்கப்பட்டவர்: ரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்பு மக்களின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவந்த அரசியல்வாதி. சொல்லுக்குச் சொல் எழுதியவர்: பல்கலைக்கழகச் சுருக்கெழுத்தாளர், வயது ஐம்பத்தொன்று, பணியில் இருபத்திரண்டாம் ஆண்டு.

சுருக்கெழுத்தாளர் பிறந்ததும் வாழ்வதும் அந்தக் குடியிருப்பில்தான். இது பதிவில் இல்லை.

ஒலிநாடாபோல ஒரு சொல் விடாமல் பதிவதால் மாணவர்களுக்கு அவர் 'டேப் அக்கா'. மேடைக்குக் கீழே சின்ன மேசை, இரு முனையும் சீவிய மூன்று பென்சில்கள், நடுவே கோடிட்ட நோட்டு. எழுதத் தொடங்கினால் தலை நிமிராது. கிரேன் ஓட்டுகிற கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார், இவளிடம் சண்டை போடவே பயமாக இருக்கிறது, பத்து வருஷம் கழித்து ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்வாள் என்று.

பேச்சை வெட்டி ஒட்டிப் பரப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தால் அரங்கில் கைப்பேசிக்கும் ஒலிப்பதிவுக்கும் தடை இருந்தது. ஆகவே அவர் நோட்டில் இருப்பதுதான் நடந்தது. விவாதக் கழகத்தின் விதி சுருக்கமானது: யாரையும் அழைக்கலாம், அழைக்கப்பட்டவர் எதையும் பேசலாம், பேசுகையில் யாரும் குறுக்கிடக் கூடாது. ஓராண்டில் மூன்று முறை குறுக்கிட்ட மாணவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுவார். குறுக்கிட்டவரைப் பெயரோடு எழுதுவது சுருக்கெழுத்தாளரின் கடமை.

அந்த ஆண்டு இரண்டு பெயர்கள் மட்டும் இரண்டிரண்டு முறை ஏறியிருந்தன. ஒன்று, ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகளுடையது, சட்டம் படித்துவந்தவள். மற்றொன்று, வேதியியல் இறுதியாண்டில் இருந்த அவருடைய சொந்த மகளுடையது. இரண்டு முறையும் ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருந்தார். இரண்டாம் முறைக்குப் பிறகு மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை, காலணி மாட்டிக்கொண்டிருந்த மகளிடம் அவர் மெல்லச் சொன்னார்.

"இன்னைக்கு வாயைத் திறக்காதடி. பரீட்சைக்குப் பதினோரு நாள்தான் இருக்கு."

"நீ அவன் பேச்சை எழுதாம இரு, நான் வாயைத் திறக்காம இருக்கேன்."

"அது என் வேலை."

"அப்போ இது என் வேலை."

நான்கு முப்பத்தேழுக்குப் பேச்சாளர் தம் பேச்சில் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சு வரவே ஐந்து வயதாகும், எழுத்தோ கடைசிவரை வராது, அவர்களுக்கு வாக்குச்சீட்டு எதற்கு, மூக்குத் துடைக்கவா என்று கேட்டார். சுருக்கெழுத்தாளர் அதை ஒரு கோடு பிசகாமல் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்றும் சேர்த்தார். அந்தச் சிரிப்பைக் கிழித்துக்கொண்டு, விளக்கு எட்டாத பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ பேசறதை எழுதிட்டிருக்கிற கையே அங்க பிறந்த கைதான்!"

கூச்சலில் அது பாதி அமுங்கிப்போனது, என்ன சொன்னாள் என்று மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. அமுங்கிய பாதியும் அவருக்குக் கேட்டது. பெற்ற மகளின் குரல். பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு இருபத்திரண்டு ஆண்டில் எழுதியிராத ஒன்றை எழுதியது: குறுக்கீடு, பெண் குரல், பெயர் தெரியவில்லை.

பேச்சாளர் சும்மா விடவில்லை. பெயரும் நடவடிக்கையும் வேண்டும், இல்லையேல் இந்தப் பல்கலைக்கழகம் அழைத்து வாயடைக்கிறது என்று எல்லாப் பத்திரிகைக்கும் எழுதுவேன் என்றார். மார்ச் 18, திங்கட்கிழமை, ஒழுங்குக் குழு கூடியது. பின்வரிசையில் இருந்தவர்களில் இரண்டு முறை பெயர் ஏறிய பெண்கள் இருவரே என்பதால், குழு அவ்விருவரை மட்டும் அழைத்தது. மகள், தான் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மகளும் தான் இல்லை என்றாள். அவளுக்குத் துளி பயமும் இருக்கவில்லை.

"டேப் அக்காவைக் கேளுங்க சார். அவங்க சொன்னா சரியா இருக்கும்."

கேட்டார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் முகம் பார்க்கவில்லை என்றார் சுருக்கெழுத்தாளர். குரலாவது அடையாளம் தெரிந்ததா என்று கேட்டதற்கு, கூச்சலாக இருந்தது என்றார்.

குழுத் தலைவர் சட்டப் பேராசிரியர். பேச்சாளரை அழைத்தவரும் அவரே. எதிர்க்கருத்தைக் கேட்கத் துணிவில்லாதவனுக்குப் படிப்பு எதற்கு என்பதை வகுப்புதோறும் சொல்பவர். நோட்டை முன்னும் பின்னும் புரட்டியவர், சந்தேகம் தீர்ந்தவராக மூடி வைத்தார்.

"இவங்க பெத்த பொண்ணு பேரையே ரெண்டு தடவை எழுதினவங்க. மூணாவது தடவை மட்டும் மறைப்பாங்களா? சொந்தப் பொண்ணு குரல் தெரியாத தாய் உண்டா? அப்போ இது மத்தப் பொண்ணுதான்."

உறுப்பினர்கள் நால்வரும் தலையசைத்தார்கள். ஒருவர், இப்படிப்பட்ட ஊழியர் கிடைப்பது அரிது என்றுகூடச் சொன்னார். தலைவர் நோட்டை அவர் பக்கம் நகர்த்தி, பென்சில் அழிந்துவிடும் என்று தம் பேனாவையே திறந்து நீட்டினார்.

"விட்டுப்போன பேரை நீங்களே நிரப்பிடுங்க மேடம்."

"அக்கா," என்றாள் ரொட்டிக்கடைக்காரர் மகள். "ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பாருங்க."

அவர் நிமிரவில்லை. 'பெயர் தெரியவில்லை' என்பதை அடித்து, மேலே அவள் பெயரைத் தெளிவாக எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் வைத்தார்.

அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது மகள் வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அவ பேரைப் பிழையில்லாம எழுதினியா?"

"ம்."

"பிறகென்ன, உன் வேலை முடிஞ்சுது."

மகள் முதல் வகுப்பில் தேறினாள். ரொட்டிக்கடைக்காரர் மகள் அப்பாவின் கடையில் ரொட்டி பொட்டலம் கட்டுகிறாள். சுருக்கெழுத்தாளர் இப்போது மூன்று தெரு சுற்றி வேறு கடையில் வாங்குகிறார். இத்தனை நம்பகமான பதிவைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று பேச்சாளர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். அடுத்த ஆண்டுக்கும் அவருக்கு அழைப்பு போயிருக்கிறது.

மே 31 அன்று சுருக்கெழுத்தாளர் ஆண்டுத் தொகுப்பைத் தட்டச்சு செய்து கொடுத்தார். விவாதங்கள் 9. பேச்சாளர்கள் 31. குறுக்கீடுகள் 27. பெயர் தெரியாதவை 0.