கயிறு ஒன்றுதான்

சுந்தரமூர்த்தி புளுகுகிற ஆள் இல்லை. வீடியோ கேமுக்குக் கதை கட்டுவது அவன் பிழைப்பு, அது வேறு விஷயம். இது அவன் கட்டாத கதை. புனேயில், வாகட் பகுதியில் இருந்த ஆபீசில், 2006 ஜூலையில் நடந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் உள்ளங்கை வேர்த்துவிடும்.

அவன் அமைத்த காட்சி இதுதான். வெள்ளம். மூழ்கும் வீட்டின் கூரையில் ஓர் அம்மா, ஒரு சிறுமி. ஆடுகிறவர் கையில் ஒரே கயிறு. இடது பட்டனை அழுத்தினால் அம்மா பிழைப்பாள். வலது பட்டன் என்றால் சிறுமி. மறுநாள் அமெரிக்கக்காரர்கள் ஆடிப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண் கலங்காவிட்டால் காட்சி காலி. சேர்ந்து மூன்று மாதமே ஆன அவன் மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சிறுமிக்கு உயிருள்ள முகம் வேண்டுமே? தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் போர்டு இருந்தது. ரெட்டை ஜடை, பல் விழுந்த சிரிப்பு, சுற்றிலும் பூ. பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்து, படமெடுத்து, அந்த முகத்தை அப்படியே ஒட்டிவிட்டான். மராத்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது பாவிக்கு. அம்மாவுக்கு முகம் போட நேரமில்லை. முதுகைக் காட்டி நிற்க வைத்தான்.

முதலில் ஆடியவள் நீலா. உடன் வேலை பார்ப்பவள், புனேயிலேயே, கட்கி பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆடிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"மூர்த்தி, அம்மாவைத் தூக்கினா பொண்ணு எங்க பாக்கணும்?"

"தண்ணிய."

"இல்ல. ஏக்தம் நேரா என்னையே பாக்குறா."

அன்று வியாழக்கிழமை, வழக்கமான கரண்ட் கட். எல்லாரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். அவன் மட்டும் இருந்தான். வெளியே மழை. கம்ப்யூட்டரைத் தாங்கிக்கொண்டிருந்த யுபிஎஸ் கத்தியது. பீப்... பீப்...

இடது பட்டன். சிறுமி அவனைப் பார்த்தாள்.

மறுபடியும் இடது. பார்த்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

யுபிஎஸ் செத்தது. திரை அணையவில்லை.

"சரிம்மா... உன்னையே தூக்கிடறேன்..." என்று வாய்விட்டே சொன்னான். வலது பட்டனை அழுத்தினான். மணி நாலு பத்து.

கயிறு இறுகியது. சிறுமி ஏறினாள்.

அம்மா திரும்பினாள்.

முகம் இருந்தது... அவன் போடாத முகம். நெற்றியில் தழும்பு.

திரை இருண்டது.

சொட்... சொட்...

பின்னால் யாருமில்லை. தரையில் சின்ன ஈரப் பாதங்கள். அவன் நாற்காலியிலிருந்து வாசல் வரை.

மறுநாள் அமெரிக்கக்காரர்கள் முன்னால் காட்சியைத் திறந்தான். வெள்ளம் இருந்தது. கூரை இருந்தது. கூரையில் யாரும் இல்லை. வேலை அன்றோடு போயிற்று.

பையோடு கிளம்பியவனைப் பஸ் ஏற்றிவிட நீலாவும் வந்தாள். தெருமுனையில் சிறுமியின் போர்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு. நெற்றித் தழும்போடு அதே முகம். அவன் அப்படியே நின்றுவிட்டான். நீலா படித்தாள். டீக்கடைக்காரரிடம் மராத்தியில் விசாரித்தாள். வெளுத்துப் போய்த் திரும்பினாள்.

"பொண்ணோடது பிறந்தநாள் போர்டு இல்ல மூர்த்தி, வருஷ அஞ்சலி. போன வருஷ வெள்ளத்துல இந்த அம்மாவும் பொண்ணும் கூரை மேல நின்னாங்களாம். அப்பாகிட்ட ஒரே கயிறு. பொண்டாட்டியத்தான் தூக்கினாராம்."

"இப்ப இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"நேத்து சாயங்காலம், நாலு மணிக்கு மேல. கட்டில்ல படுத்திருந்தவங்க... நெஞ்சு பூரா ஆத்துத் தண்ணியாம்."