வெள்ளைக் கல்லில் ஊற்றிய ஆலம்

என் மகள் கடலூரில் வாங்கிய வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். "அப்ப நான் வந்தா லிஃப்டுல படுத்துக்கவா?" என்று கேட்டேன். அந்த லிஃப்ட் எங்கள் சிதம்பரம் வீட்டுச் சமையலறையைவிடப் பெரியது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உள்ளே மட்டும் இடித்து, வசதியானவர்களுக்கு வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். துணி துவைக்க ஆள், இஸ்திரி போட ஆள், கதவைத் திறக்கவே தனியாக ஓர் ஆள்.

கதவு திறப்பவருக்குப் பிச்சாவரம் பக்கம். அறுபது வயதிருக்கும். தலையில் தொப்பி, சட்டையில் பித்தளைப் பொத்தான், வாயில் எப்போதும் வெற்றிலை. போன அன்றே அவரை வம்புக்கு இழுத்தேன். "எங்க ஊட்டுக் கதவ நானே தொறந்து தொறந்து கை வலிக்குது. அங்க வந்துடுறீங்களா தம்பி?" சிரித்தார்.

மகள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த காலையில் அவளுக்கு ஆலம் சுற்றினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றச் சொன்னாள். சரி என்றேன். கண்ணேறு கழித்ததைப் பல் விளக்குகிற இடத்திலா ஊற்றுவது? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டோடு லிஃப்டில் இறங்கிவிட்டேன். அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். தெரு வரை நடக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. வாசல் படியிலேயே ஓரமாக ஊற்றிவிட்டு வந்தேன்.

பழைய வெள்ளைக் கல். வேலையாட்கள் தேய்த்தும் கறை போகவில்லை.

சாயங்காலம் நானும் மகளும் கீழே வந்தபோது மேனேஜர் கதவு திறப்பவரைத் திட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலையைப் படியில் துப்பிவிட்டாராம், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமாம். அங்கே குடியிருப்பவர்கள் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மகள் பக்கத்தில் நின்றாள், அந்தப் பெரிய மனிதர்கள் எதிரில் நின்றார்கள். என் வாய் வழக்கம்போல வேறு பக்கம் போயிற்று.

"வெத்தலைய கொறச்சுக்குங்க தம்பி. கல்லுக்கே வாய் செவந்துடுச்சு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். காலையில் கீழே வந்தால் கதவருகே யாருமில்லை. நானே தள்ளினேன். அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேனேஜர் அறைக்குப் போய், அது நான் ஊற்றிய ஆலம் என்றேன். "உங்க ஜோக்குக்கு அளவே இல்லியா பாட்டிம்மா?" என்று சிரித்தார். வந்ததிலிருந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவள்தானே நான். மேலே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துவந்து, அவர் டீக்கோப்பையின் தட்டிலேயே கரைத்துக் காட்டினேன். தண்ணீர் சிவந்தது. அவர் சிரிப்பு நின்றது. என் பின்னாலேயே வந்திருந்த மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் கதவு திறப்பவரைத் திரும்ப வரவழைத்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னுதாம்மா அன்னிக்குப் பேசாம நின்னேன்" என்றார்.

 நான் அவர் வாயைப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. நான் குறைக்கச் சொன்ன வெற்றிலையை அடியோடு விட்டிருந்தார்.